பச்சைக் காரில் நாலு பேர்

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதீர்கள். உங்கள் தங்கை நலம், உங்கள் மருமகள் நலம், நான் மட்டும் பாதி நலம். இந்தக் காலத்தில் பேனா எடுத்து எழுதுகிறானே, மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்பீர்கள். ஃபோனில் பாதி நேரம் உங்கள் மருமகள் விளையாடுகிறாள். மீதி நேரம் அது உங்கள் தங்கையின் கையில் இருக்கிறது. ஆபீசிலிருந்து பேசலாம் என்றால் இப்போது அங்கே சுவருக்கெல்லாம் காது முளைத்திருக்கிறது. வேறு வழியில்லாமல்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் லிஃப்ட் கம்பெனியில் ஆட்குறைப்பு வரப்போகிறதாம். ‘நம்’ என்று எழுதிவிட்டேன். நீங்கள் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக மோட்டார் ரிப்பேர் கடை போட்டு நாலு வருஷம் ஆகிறது, இன்னும் எனக்கு அது நம் கம்பெனிதான். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அறிகுறிகள் தெரிகின்றன. போன மாதம் ஆபீசை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டாஃப் பஸ்ஸை நிறுத்தினார்கள். முந்தாநாள் தண்ணீர் மிஷினையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீருக்கே கணக்குப் பார்க்கிறவன் ஆளுக்குப் பார்க்கமாட்டானா?

புது இடத்துக்கு இரண்டு பஸ், ஒரு ரயில் மாற வேண்டும். நான் சம்பளம் வாங்குவது வீட்டுக்கா ரோட்டுக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்லவேளையாக ஸ்டோர் அண்ணன் தன் பழைய பச்சைக் காரை எடுத்தார். நம் பக்கம் குடியிருக்கிற நாலு பேர் பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு போகிறோம். ஓட்டுவது ஸ்டோர் அண்ணன். முன்சீட்டில் எச்.ஆர். மேடம், பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும். பின்னால் நானும், கணக்குப் பிரிவு வவுச்சரும். அவரை நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு மொய் எழுதினால்கூட ரசீது கேட்பாரே, அவரேதான்.

எச்.ஆர். மேடத்திடம் கேட்டால் தெரிந்துவிடுமே என்பீர்கள். கேட்டேன். “என் சீட்டே இருக்குமான்னு எனக்குத் தெரியலை, நீங்க வேற” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து காருக்குள் ஆபீஸ் பேச்சே கூடாது என்று ஸ்டோர் அண்ணன் சட்டம் போட்டுவிட்டார்.

உங்கள் தங்கையிடம் மூச்சு விட வேண்டாம். பதிலை ஆபீஸ் முகவரிக்கே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு கவலைப்பட்டேன், பிறகு மறுபடி சிரித்தேன். உங்களுக்குப் பயம் வந்தால் எழுத்து அழகாகிவிடுகிறது. பக்கத்து மேஜையில் இருந்த காலமாக இருந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “போடா, வேலையைப் பாரு” என்றிருப்பேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு வாங்க, போங்க என்று எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வெளியே போகச் சொன்னால் நீங்கள் நேராக இங்கே வாருங்கள். கடை இருக்கிறது. கடைக்கு மேல் ஓர் அறை இருக்கிறது, காற்று பிய்த்துக்கொண்டு போகும். குடும்பத்தோடு தங்கலாம். நான் மோட்டாரைப் பார்க்கிறேன், நீங்கள் ஃபோனைப் பாருங்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களையே சமாதானப்படுத்தி, மெக்கானிக்கை அனுப்பிவைத்த ஆள் நீங்கள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கத்துகிறவரைச் சமாளிப்பது உங்களுக்கு எம்மாத்திரம்! வீட்டிலிருந்து கடைக்குப் படியில் இறங்கினால் போதும். பஸ்ஸும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. தங்கச்சியிடம் மறைக்காதீர்கள். அவளுக்குத் தெரிந்தால் உங்களைவிடத் தைரியமாக இருப்பாள். ஆனாலும் நீங்கள் கேட்டுக்கொண்டதால் நான் வாயைத் திறக்கவில்லை.

கவரைப் பார்த்துச் சிரித்தீர்களா? கம்பெனி முத்திரை போட்ட பழுப்புக் கவர். வேலையை விட்டபோது என் மேஜையில் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. நாலு வருஷமாக அதில்தான் எல்லாக் கடிதமும் போடுகிறேன். கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து.

உங்கள் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மச்சான்

*

ஜூன் 20

அன்புள்ள மச்சானுக்கு,

என் கதை முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். நம் ஆபீசில் யார் யாரிடம் அன்பாக இருந்திருக்கிறார்கள்? என் நாற்காலியில் ஒரு சக்கரம் இல்லாமல் ஒரு வருஷமாக ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை போனால் புது நாற்காலி கிடக்கிறது! நான் கேட்கவே இல்லை. டீ கொண்டுவருகிறவர் எனக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் வைக்கிறார். என் பிரிவுத் தலைவர், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், “பாப்பா எப்படிப் படிக்கிறா?” என்று கேட்டார். எனக்குப் பாப்பா இருப்பதே அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தபால் பிரிக்கிறவர் உங்கள் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். முன்பெல்லாம் மேஜையில் வீசிவிட்டுப் போவார்.

எல்லாம் வழியனுப்பும் மரியாதை என்று புரிந்துவிட்டது. பலி ஆட்டைக் கவனிப்பது மாதிரி கவனிக்கிறார்கள். காரில் இதைச் சொன்னேன். சட்டத்தை மீறியதற்கு ஸ்டோர் அண்ணன் முறைத்தார், ஆனால் அவரும் வாய் திறந்தார். அவர் அறைக்கு மூன்று பேர் வந்து தாங்களாகவே ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார்களாம். வவுச்சர் கேட்கும் முன்பே எல்லோரும் வவுச்சர் கொடுக்கிறார்களாம். அந்த மனிதர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எச்.ஆர். மேடத்துக்கு யாரோ மேஜையில் பூங்கொத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆக, நாலு பேருக்கும் சீட்டு கிழியப்போகிறது என்று முடிவு செய்துவிட்டோம்.

கவலையை மறக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். பாலத்தில் நெரிசல் வருவதற்குள் தாண்ட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிடுகிறோம். போய்ச் சேர்ந்தால் ஆபீஸ் கதவு திறந்திருக்காது. பக்கத்தில் கல் அறுக்கும் பட்டறை, அந்தத் தூசிக்குக் கார்க் கண்ணாடியை இறக்க முடியாது. அதனால் உள்ளேயே உட்கார்ந்து பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் போடுகிறோம். வவுச்சர் பென்சில் பிடிப்பார். எச்.ஆர். மேடம் திரும்பி உட்கார்ந்து, “அது வேண்டாம், அடிச்சிடுங்க” என்பார். ஸ்டோர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்லும் விடை எப்போதும் தப்பு. அந்தக் கொஞ்ச நேரம்தான் நாளிலேயே நிம்மதியாக இருக்கிறது.

கடைக்கு மேல் இருக்கிற அறையில் இரண்டு பீரோ வைக்க இடம் இருக்குமா? சும்மா கேட்கிறேன்.

உங்கள்
மாப்பிள்ளை

*

ஜூன் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டு என்ன, மூன்று பீரோ வைக்கலாம். இன்றைக்கு மேலே ஏறி நூல் பிடித்து அளந்தே பார்த்துவிட்டேன். தெற்குப் பக்கச் சுவரில் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று, ஜன்னலை மறைக்காமல் இன்னொன்று. மருமகள் படிக்க ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுவிடலாம். சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டாம், நானே கழுவிவிட்டேன். மின்விசிறி கொஞ்சம் முனகியது, கழற்றி எண்ணெய் விட்டு மாட்டியிருக்கிறேன்.

உங்களுக்கு நாற்காலி கொடுத்தார்கள் என்றால் பயப்பட வேண்டாம், அனுபவியுங்கள். போகிற அன்றைக்கு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். எனக்குக் கவர் மாதிரி உங்களுக்கு நாற்காலி!

இங்கே கடை எதிரே ஒரு மரம் இருக்கிறது, சொல்லியிருக்கிறேனா? அதன் நிழல் காலையில் தையற்கடை வாசலில் கிடக்கும். மத்தியானம் ரோட்டுக்கு வரும். சாயங்காலம் என் படியில் ஏறும். தையற்கடைக்காரரிடம் நாளெல்லாம் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நல்ல மனிதர். அவருடைய மெஷின் மோட்டாரை நான் காசு வாங்காமலே சரி செய்து கொடுத்தேன். இப்போது அதற்குப் புதுசு வந்துவிட்டது. ரிப்பேரே வராதாம், போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதானாம். எல்லாப் பொருளையும் இப்படியே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் நானும் இதைப் பற்றித்தான் நேற்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தைத்துக்கொண்டே பேசினார்.

பழைய ஆட்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள்? என்னோடு ஜோடியாக லிஃப்ட் கயிறு மாற்றுவாரே சீனியர், அவருக்கு முட்டி வலி தேவலையா? இருபது மாடிக்கு மேலே மெஷின் அறையில் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்போம், ஊரே காலடியில் கிடக்கும். அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிறைய எழுதிவிட்டேன். பேப்பரில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் விஷயம் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
மச்சான்

*

ஜூலை 8

அன்புள்ள மச்சானுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், சிரித்தால் புரையேறும்.

முதலில் சிரிக்க முடியாத விஷயம். போன வாரம் சாயங்காலம் காரிடம் வந்தால் சீனியர் நிற்கிறார். நீங்கள் கேட்டதாகச் சொல்ல வாயைத் திறந்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, பெரிய பொண்ணுக்கு இது கடைசி வருஷம். அவ பரீட்சை முடியற வரைக்கும் என் பேரை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்க.”

“எந்தப் பேரு? எங்க?”

“லிஸ்ட்லதான். தெரியாத மாதிரி கேக்கறீங்களே.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்டோர் அண்ணன்தான் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து விஷயத்தைக் கறந்தார். மச்சான், அந்த லிஸ்ட் போடுகிறதே நாங்கள்தானாம்! சர்வீசுக்கு ஒருத்தர், கணக்குக்கு ஒருத்தர், ஸ்டோருக்கு ஒருத்தர், எச்.ஆர். மேடம். பிரிவுக்கு ஓர் ஆள். தினமும் எல்லோருக்கும் முன்னால் ஒரே காரில் வருகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு காகிதத்தின் மேல் நாலு தலையும் கவிழ்ந்து கிடக்கிறோம். மேடம் “அடிச்சிடுங்க” என்கிறார், வவுச்சர் பென்சிலால் அடிக்கிறார். ஆட்குறைப்புக் கமிட்டி என்று ஆபீசே முடிவு கட்டிவிட்டது. போதாததற்கு உங்கள் கவர்! முத்திரை போட்ட பழுப்புக் கவர் தனியாக என் பேருக்கு வந்தால், தலைமை அலுவலகம் எனக்கு நேரடியாக உத்தரவு அனுப்புகிறது என்று தபால் பிரிக்கிறவர் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிட்டார். அவர்கள் எங்களைப் பார்த்துப் பயந்து அன்பு காட்டினார்கள். அந்த அன்பைப் பார்த்து நாங்கள் பயந்தோம்.

மறுநாள் மேனேஜர் நாலு பேரையும் கூப்பிட்டார். அவரே கதவைச் சாத்தினார். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எனக்குத் தெரியாம மேலிடத்துல ஒரு கமிட்டி போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நான் தப்பா எடுத்துக்கலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க” என்று குரலைத் தாழ்த்தினார். “அதுல என் பேர் இருக்கா?”

மேடம்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வவுச்சர் பைக்குள்ளிருந்து அன்றைய பேப்பரை எடுத்து மேஜையில் விரித்தார். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “மேலிருந்து கீழ், ஏழாவது தப்பு” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். ஆட்குறைப்பு என்ற பேச்சே அங்கே இல்லையாம். இருக்கிற ஆளை வைத்தே லிஃப்டைப் பார்க்க முடியவில்லை, இதில் குறைக்க எங்கே போவது என்று சத்தம் போட்டார்கள். வாடகைக்காக ஆபீசை மாற்றினார்கள், அவ்வளவுதான். தண்ணீர் மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். பஸ் மட்டும் திரும்ப வராதாம்.

சந்தோஷமாகச் சீனியரைத் தேடி ஓடினேன். அவர் அன்று காலையே வேலையை விட்டுவிட்டார். அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவர்களுக்கே சொந்தமாக லிஃப்ட் ஆள் வேண்டுமாம். பயத்தில் அங்கே கேட்டு வைத்திருந்தார், கிடைத்துவிட்டது. “நடந்தே போயிடலாம் தம்பி, சம்பளமும் குறைச்சல் இல்லை. நல்லதுக்குத்தான்” என்றார். நல்லதுக்குத்தான். ஆனாலும் எங்கள் குறுக்கெழுத்துக்குப் பயந்து ஒரு மனிதர் இத்தனை வருஷத்து வேலையை விட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்கு உறுத்துகிறது.

கமிட்டியே கிடையாது என்று சொல்லிப் பார்த்தோம், ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியில் தூசி போனால் போகட்டும் என்று காரின் நாலு கதவையும் திறந்துவைத்துக் குறுக்கெழுத்துப் போட்டோம். இப்போது காரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கிறது. சர்வீஸ் பையன்கள் கத்துகிற விடைகள் ஸ்டோர் அண்ணனின் விடைகளைவிட மோசம். பிஸ்கட் ஒன்றாகக் குறைந்துவிட்டது. நாற்காலியை நான் விடவில்லை.

உங்கள்
மாப்பிள்ளை

*

ஜூலை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்கிற சத்தம் கேட்டுத் தையற்கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார், படித்தேன். பக்கத்து டீக்கடைக்காரரும் வந்தார், அவருக்காக மூன்றாவது முறை. மேனேஜர் இடம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். கவருக்காக மன்னித்துவிடுங்கள். இந்தக் கடிதத்துக்குக் கடையில் காசு கொடுத்து வெள்ளைக் கவர் வாங்கியிருக்கிறேன்.

வேலை போகவில்லை என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். அறையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சுத்தமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நேற்று மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக வருகிறது. நீங்கள் லீவில் வந்தால் தங்கலாம்.

சீனியர் போனது எனக்கும் வருத்தம்தான். அவர் வேலைக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள்? கயிறு பிடிக்கத் தெரிந்த ஆளா? பெரிய கட்டடத்தில் கயிறு மாற்றுவது விளையாட்டில்லை. கையால் தடவினாலே எந்த இழை அறுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். புதுப் பையன்களை அனுப்பினால் கூடவே விவரம் தெரிந்தவர் ஒருவர் போக வேண்டும். மேனேஜரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், நீங்களாகச் சொல்லுங்கள்.

இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது. நிழலே இல்லை. இன்னும் என்ன எழுதலாம் என்று யோசிக்கிறேன். எழுதிக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது.

அன்புடன்,
மச்சான்

*

ஜூலை 19

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டு விழுந்தது. எவ்வளவு என்று எழுதினால் தபால் தலை கூடுதலாக ஒட்ட வேண்டும். திட்டி முடித்ததும், “அண்ணன் லெட்டரைக் குடுங்க” என்றாள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தாள். நான் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

“கடையில ஆள் வந்துக்கிட்டிருந்தா அண்ணன் இவ்வளவு எழுதியிருக்க முடியுமா?” என்றாள்.

மச்சான், நான் மூன்று கடிதத்தையும் இரண்டு இரண்டு முறை படித்தவன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில் என்னைப் பற்றிய வரிகளை மட்டும் படித்திருக்கிறேன். மரத்து நிழல் காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரிப்பேருக்கு வந்த ஒரு வாடிக்கைக்காரர் கதையைக்கூட எழுதவில்லை. தையற்கடைக்காரர் தைத்துக்கொண்டே பேசினார், நீங்கள் என்ன செய்துகொண்டே பேசினீர்கள்? அதை நான் கேட்கவே இல்லை. அந்த நிலையிலும் எனக்கு அறை கழுவி வைத்திருக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது, கேலி செய்ய வேண்டாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சீனியர் இடம் இன்னும் காலி. அவர் போனதைப் பார்த்துப் பயந்துபோய் இன்னும் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆட்குறைப்பு வரவில்லை, ஆனால் ஆள் குறைந்துவிட்டது! என் மேஜையில் ஃபோன் அடித்தபடி இருக்கிறது, அனுப்ப மெக்கானிக் இல்லை. நேற்று ஒரு பெரியவர் லிஃப்டுக்குள்ளிருந்து என்னிடம் தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் ஆள் போய்ச் சேர்ந்தான். விட்டுப்போனவர் திரும்பி வரலாமா என்று எச்.ஆர். மேடத்திடம் பொதுவாகக் கேட்டேன். வரலாம், பழைய சர்வீசையும் கணக்கில் சேர்ப்பார்களாம். உங்கள் பேரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால்தான் சொல்வேன்.

நான் உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து முறுக்கிக்கொள்ள வேண்டாம். கையால் தடவிப் பார்த்தே இழை அறுந்ததைச் சொல்கிற ஆள் இங்கே இப்போது ஒருத்தரும் இல்லை. எங்கள் தெருவிலேயே வீடு காலியாக இருக்கிறது, உங்கள் தங்கை பார்த்துவிட்டு வந்துவிட்டாள். காரில் பின்சீட்டில் நடுவில் இடம் இருக்கிறது. ஐந்து பேரானால் பெட்ரோல் பங்கு இன்னும் குறையும் என்று வவுச்சர் இப்போதே கணக்குப் போட்டுவிட்டார், ஐந்தாவது ஆள் யார் என்றுகூடக் கேட்காமல்.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் வருத்தப்பட்டாலும் மறுபடி கேட்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடனே பதில் எழுதவில்லை. முதலில் கோபமாக இருந்தது. பிறகு உங்கள் அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, “உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னுதான் பேசாம இருந்தேன்” என்றாள். அதற்கு மேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை.

மேனேஜரிடம் என் பேரைச் சொல்லுங்கள். தங்கச்சி பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

நிறைய எழுத நேரமில்லை. ஏணியைப் போட்டுக் கடை போர்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், கையெல்லாம் துரு. தையற்கடைக்காரர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டார். வியாபாரம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், “கம்பெனியில ஆள் இல்லையாம், கூப்பிடறாங்க” என்று வந்துவிட்டது.

சொல்லும்போது நன்றாக இருந்தது, மாப்பிள்ளை.

மச்சான்